நாலு ட்வீட்டரும் போச்சு

என் மனைவி என்னிடம் கேட்டது ஒரு ஸ்பீக்கர். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். இருபத்தாறு வருடம் மைக் செட் போட்டவன் நான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் காதுகுத்து, கட்சிக் கூட்டம், கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல், கல்யாண மண்டபம் என்று நான் ஒயர் இழுக்காத இடமில்லை. எங்கள் வீட்டுக் கீழ் அறையில் எப்போது பார்த்தாலும் இருபது குழாய் ஸ்பீக்கராவது ஒன்றின் வாயில் ஒன்று செருகிக் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் இல்லை என்று அவள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"இத்தன கெடக்குதே, இதுல ஒண்ணு ஆவாதா?"

"அதெல்லாம் ஊருக்குக் கேக்கறதுக்கு. நமக்குக் கேக்கறதுக்கு ஒண்ணு வேணும். மெதுவா."

முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு தொழிலை மச்சானிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் ஓசூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மனைவி நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். நாள் முழுக்க முப்பது குழந்தைகளோடு கத்திவிட்டு வந்து, ராத்திரிச் சமையலை முடித்து, போனில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். நான் இன்னொரு மூலையில் டிவி பார்ப்பேன். என் டிவிச் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் டிவியைப் போடாமலே செய்தி கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது.

"சாயங்காலம் ஏழுலேந்து எட்டு வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பாட்டு கேக்கலாம். அவ்ளோதான் கேக்கறேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒன்றைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. புடவையோ நகையோ அவளே பார்த்துக்கொள்வாள். கேட்டது ஸ்பீக்கர்தான் என்றாலும், இரண்டு மூலைகளையும் ஒரு மூலையாக்கப் பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இதை நான் சொதப்பினால் அவள் மறுபடி இயர்போனுக்குப் போவாள், நான் டிவிக்குப் போவேன், மிச்சமிருக்கிற வருடங்கள் அப்படியே ஓடிவிடும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு திமிரும் இருந்தது. ஸ்பீக்கர் விஷயத்தில் நான் சொதப்புவதாவது!

முதல் நாளே சொதப்பினேன். கல்யாண மண்டபத்துக்கு அனுப்புகிற பாக்ஸ்களில் நல்லதாக ஒன்றை மச்சானை விட்டுத் தூக்கிவரச் சொல்லி ஹாலில் வைத்தேன். என் இடுப்புக்கு மேலே உயரம். பாட்டைப் போட்டதும் அலமாரியில் டம்ளர்கள் ஆடின. அவள் பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலையே அது கீழே போய்விட்டது.

அப்போதுதான் செங்கம் ரோட்டுக்காரர் ஞாபகம் வந்தது. ரமணாசிரமம் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்த சென்னைக்காரர். நாற்பது வயதிருக்கும். விளம்பரங்களுக்கு இசை போட்டு அனுப்புகிற வேலை. அவர் எனக்குப் பழக்கமானதே ஒரு தகராறில்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு திருவிழாவுக்கு அவர் ஜன்னலைப் பார்த்த மாதிரி கம்பத்தில் குழாய் கட்டிவிட்டேன். கீழே இறங்கி வந்து, "அண்ணே, ரெக்கார்டிங் பண்ணிட்டு இருக்கேன், கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?" என்று கையைக் கூப்பினார். திருவிழாவுக்குக் கம்மி பண்ணு என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். பாவமாக இருந்தது. ஏணி போட்டு ஏறி, குழாயை எதிர்ப்பக்கம் திருப்பினேன். எதிர்ப்பக்கத்தில் யார் இருந்தார்களோ, தெரியாது. அதிலிருந்து எங்கே பார்த்தாலும் வணக்கம் வைப்பார்.

போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருந்தன. பால் குக்கர் உயரம்தான். ஸ்டூடியோவில் பாட்டைச் சரிபார்க்க வைக்கிற ஸ்பீக்கர், மானிட்டர் என்பார்கள் என்றார். ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கிறதாம். என்னை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டார்.

ஒரு பெண் பாடினாள். குரல் இடது பெட்டியிலிருந்தும் வரவில்லை, வலது பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் சுவர் இருந்த இடத்திலிருந்து வந்தது. நான் எழுந்துபோய்க் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஸ்பீக்கர் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று பார்க்கத்தான். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்.

எங்கள் தொழிலில் இடது வலது கிடையாது. ஒரு ஆம்ப்ளிஃபயர், நாற்பது குழாய், எல்லாவற்றிலும் ஒரே சத்தம். தெருமுனையில் நிற்கிறவனுக்கும் பந்தலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பாட்டில் ஆட்கள் இன்னின்ன இடத்தில் நிற்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் இருபத்தாறு வருடம் பாட்டுப் போட்டிருக்கிறேன்.

"வீட்டுல கேக்க இது ஒத்து வராதுனு சில பேர் சொல்லுவாங்க அண்ணே" என்றார். "இது குத்தத்தக் காட்டுற ஸ்பீக்கர். எதையும் அழகு பண்ணாது. பாட்டு மோசமா எடுத்திருந்தா மோசமாத்தான் கேக்கும். ஆனா கிட்ட ஒக்காந்து, மெதுவா வெச்சு கேட்டீங்கன்னா, இதுக்கு மேல சுகம் கெடையாது."

எதையும் அழகு பண்ணாது என்று அவர் சொன்னது வழி முழுக்க மண்டைக்குள் ஓடியது. நான் காலமெல்லாம் அழகு பண்ணித்தான் பிழைத்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மைக்கில் இருமினாலும் அதற்கு எக்கோ போட்டிருக்கிறேன். வேட்பாளரின் கீச்சுக்குரலுக்கு பாஸ் என்கிற கனத்த சத்தம் ஏற்றி ஆண்பிள்ளைக் குரலாக்கியிருக்கிறேன். யாரும் என்னிடம் வந்து, உள்ளது உள்ளபடி கேட்கட்டும் என்று சொன்னதில்லை. ஜாஸ்தி வை என்பார்கள், இன்னும் ஜாஸ்தி வை என்பார்கள். அதுதான் நல்ல சத்தம் என்று நானும் நம்பினேன். ஒரு சின்னப் பெட்டி எதையும் கூட்டாமல் ஒரு குரலைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அந்தப் பகுதியில் மார்ச் மாதம் வெயில் ஏறியதும் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்புமுன் மெத்தை, அடுப்பு, சைக்கிள் என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவது அங்கே வழக்கம். இவரும் சென்னைக்கே திரும்புவதாக இருந்தார். அவரிடம் இரண்டு ஜோடி இருந்தது. பெட்டியில் இருக்கிற பெரிய வட்டம் ஒன்றில் ஐந்து அங்குலம், ஒன்றில் எட்டு அங்குலம்.

"ரெண்டையும் ஒரு வாரம் வீட்டுல வெச்சு பாருங்க. எது புடிக்குதோ எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் சொன்னா போதும், திங்கக்கிழம நான் கெளம்பறேன். காதால எடுங்க, பெரிசு சின்னது பாத்து எடுக்காதீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆட்டோக்காரரை விட்டுப் பெரிய இரண்டையும் காலடியில் ஏற்றச் சொல்லி, சின்ன இரண்டையும் மடியில் குழந்தை வைத்துக்கொள்வது மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். ஸ்பீக்கர் என்றால் உயரத்தில் கட்டுவது. என் கை அதற்குத்தான் பழகியது. ஹால் சுவரில் பரண் ஓரமாக ஆணி அடித்து, ஜோடியில் ஒன்றை அங்கே கட்டினேன். இன்னொன்றை, சமையலறையிலும் கேட்கட்டுமே என்று அங்கே கட்டினேன். பாட்டைப் போட்டுவிட்டு வெளியே போய்த் தெருமுனையில் நின்று காதைத் தீட்டினேன். இருபத்தாறு வருடமாக நான் சத்தம் பார்க்கிற இடம் தெருமுனைதான். ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பி வந்து கூட்டினேன். மறுபடி தெருமுனை. மூன்றாவது தடவை நான் திரும்பியபோது அவள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாட்டு உள்ளதான் நடக்குது. நீங்க ஏன் வெளிய போய் போய் வர்றீங்க?"

அவளே ஒரு முக்காலியும் தையல் மிஷினும் இழுத்துப் போட்டு, சென்னைக்காரர் எனக்குச் சொல்லி அனுப்பியதை என்னிடமே கேட்டுக் கேட்டு வைத்தாள். இரண்டும் ஒரே உயரம், மேலே இருக்கிற ட்வீட்டர் காது மட்டத்துக்கு. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஏனென்றால் பின்பக்க ஓட்டை வழியாக பாஸ் வரும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நாம் உட்கார வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒட்டிப் போட்டாள். நாங்கள் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு நாள் எட்டு அங்குலம். அறை சின்னது. மூலையில் பாஸ் தேங்கிக்கொண்டு குழம்பு கொதிக்கிற மாதிரி ஒரே 'குமுகுமு'. அடுத்து ஐந்து அங்குலம். அதில் குமுகுமு இல்லை. ஆனால் எனக்கு எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி மங்கலாக இருந்தது. ட்வீட்டர் என்பது மேலே இருக்கிற சின்ன வட்டம், தாளம், ஜால்ரா, 'ஸ' 'ஷ' மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும். பெட்டிக்குப் பின்னால் அதைக் கூட்டக் குறைக்க ஒரு சுவிட்ச் இருந்தது. முழுக்கக் கூட்டினேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதில் விரலை வைத்தாள்.

"ஐயோ, ஊசி குத்துற மாதிரி இருக்குது. கம்மி பண்ணுங்க."

"இன்னாத்த குத்துது? மங்கலா இருக்குது. நீ இருபத்தாறு வருஷம் மைக் செட்டு போட்டியா, நான் போட்டேனா?"

அவள் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் ஏழு மணிக்கு நாற்காலிக்கு வந்தாள், ஆனால் முந்தானையால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை தலைவலி என்று வரவே இல்லை. நான் ஒற்றை ஆளாக இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்து, ட்ரெபிள் என்கிற அந்த மெல்லிய சத்தத்தைக் கூட்டி வைத்து, எல்லாம் மங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சமாதானமாக, "நீயே ஒரு பாட்டு போடு" என்றேன். முதல் வேலையாகச் சுவிட்சைத் தணித்தாள். பிறகு ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டாள், நாட்டியப் பாட்டு. பாதியில் அவள் முகம் மலர்ந்தது.

"பின்னாடி ஒரு சலங்கை வருது பாருங்க! இத்தன வருஷமா இந்த பாட்டக் கேக்கறேன், இது இருக்கறதே தெரியாது. எங்கியோ தூரத்துல, வலது பக்கம்."

நான் வலது பக்கம் பார்த்தேன். தபேலா வந்தது, புல்லாங்குழல் வந்தது. சலங்கை வரவில்லை. "ஆமாமா" என்றேன். அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைக் கெடுப்பானேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில், சவுண்டு ஆளுக்குக் கேட்காதது எல்.கே.ஜி. டீச்சருக்குக் கேட்டது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறையில் இருந்தபோது, அதே பாட்டைப் போட்டுவிட்டு வலது பெட்டியின் ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தேன். ஒன்றுமில்லை. இடது பெட்டி. ஒன்றுமில்லை. எட்டு அங்குல ஜோடியைத் தரையில் இழுத்துவந்து மாட்டி, அதிலும் வைத்தேன். சுத்தமாக ஒன்றுமில்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாலு ட்வீட்டரும் போயிருந்தது! அதனால்தான் எல்லாம் போர்வைக்குள் கேட்கிறது. சென்னைக்காரன் செத்துப்போன சரக்கை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறான். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டதெல்லாம் இதற்குத்தான். அவளுக்கு சலங்கை கேட்டதே என்று யோசித்திருக்கலாம். பாட்டில் சொக்கிப்போய் இல்லாததைக் கேட்டிருப்பாள் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

ஆனாலும் தொழில்காரன் இல்லையா, சும்மா போய்ச் சண்டை போடக் கூடாது. ஆதாரம் வேண்டும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, சின்னப் பெட்டியில் ஸ்க்ரூவைக் கழற்றி ட்வீட்டரை வெளியே எடுத்தேன். எங்கள் தொழிலில் குழாய் ஸ்பீக்கரின் யூனிட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பேட்டரி செல்லை எடுத்து அதன் இரண்டு முனையிலும் தொட்டு எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வந்தால் நல்ல யூனிட், வராவிட்டால் குப்பை. சுவர்க் கடிகாரத்திலிருந்து செல்லைக் கழற்றி, இந்த ட்வீட்டரின் முனைகளில் தொட்டேன். டக் வரவில்லை. மறுபடி தொட்டேன். வரவில்லை. மூன்று, நான்கு, ஐந்து தடவை. சரி, ஆதாரம் கிடைத்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு போய், வாடகை அறை என்றும் பார்க்காமல், அவர் மானத்தை வாங்கிவிடுவது என்று எழுந்தேன்.

சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கையில் தோசைக் கரண்டி.

"என்ன அங்க? பல்லியா கத்துது?"

"எங்க?"

"இப்பதான். டிக்கு டிக்குனு. நாலஞ்சு தடவ."

நான் செல்லை மறுபடி ட்வீட்டரில் தொட்டேன். கண்ணை அவள் முகத்திலேயே வைத்திருந்தேன்.

"ஆங், இதான்" என்றாள்.

இன்னொரு தடவை தொட்டேன். தலையை ஆட்டினாள். ட்வீட்டர் என் கையில் இருந்தது. அவள் பத்தடி தூரத்தில், அடுப்பில் தோசை சுடுகிற சத்தத்துக்கு நடுவில் நின்றாள். நான் தொட்டபோதெல்லாம் அவள் தலை ஆடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல, செக் பண்றேன்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கடைசியாகப் பல்லி கத்திக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் பல்லிக்குப் பஞ்சமே இல்லை. டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது. அதெல்லாம் கத்துவதில்லை என்றே நினைத்திருக்கிறேன். போன சில வருடங்களில் பந்தல்களில் நடந்தது ஒவ்வொன்றாக வந்தது. நான் ஆம்ப்ளிஃபயரில் உட்கார்ந்தால் முன்வரிசை நாற்காலிகள் காலியாகும். "மாமா, காது கூசுதுனு சொல்றாங்க" என்று மச்சான் வந்து நிற்பான், நான் அவனைத் திட்டுவேன். நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அவன் ட்ரெபிள் குமிழைத் தணித்து வைப்பான், வந்ததும் நான் ஏற்றுவேன். குழாய்க்கு நேர் கீழே இருபத்தாறு வருடம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன மிஞ்சும்? ஊருக்கெல்லாம் நான்தான் ஊசி குத்தியிருக்கிறேன். ஊர் மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சென்னைக்காரரைத் திருடன் என்று சொல்ல வாயைத் திறந்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் ஜாஸ்தியாக இருந்தது.

ட்வீட்டரை உள்ளே வைத்து ஸ்க்ரூவை முறுக்கினேன். கடிகாரத்தில் செல்லைப் போட்டேன். அன்று பகல் முழுக்க அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஏழு மணிக்கு என்ன அர்த்தம்? ஒன்றாக உட்கார்ந்து கேட்கலாம் என்றுதானே கேட்டாள். பாதிப் பாட்டு கேட்காதவனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் என்ன செய்வாள்?

மாலை சீக்கிரமே நாற்காலிகளைப் போட்டாள். எட்டு மணிக்குள் சென்னைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். சின்ன ஜோடியில் அந்த நாட்டியப் பாட்டை ஒரு தடவை, பெரிய ஜோடியில் ஒரு தடவை போட்டாள்.

"எனக்கு சின்னதுதான் புடிச்சிருக்கு. ஆனா நீங்கதானே சவுண்டு ஆளு, நீங்க சொல்லுங்க. அந்த சலங்கை எதுல நல்லா கேக்குது?"

'சின்னதுல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள், சந்தோஷப்படுவாள், நானும் காலத்துக்கும் 'ஆமாமா' போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வாய்வரை வந்தது.

"எனக்கு ரெண்டுலயும் கேக்கல" என்றேன்.

பாட்டை நிறுத்தினாள். நான் காலையில் செல்லைத் தொட்டதையும், அவள் தலையை ஆட்டியதையும், நேற்று பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் பரிதாபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எத்தன வருஷமா?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும்."

"அப்ப நான் சமையக்கட்டுலேந்து பேசறது?"

"பேசறனு தெரியும். என்ன பேசறனு தெரியாது. சில சமயம் பேசறதே தெரியாது. நீ வாய்க்குள்ள பேசறனு நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க வேணும்னு பண்றீங்கனு நான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லீங்க. பதில் சொல்லக்கூட நான் லாயக்கில்லனு நெனச்சு, உங்ககிட்ட எதையும் சொல்றதையே வுட்டுட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காது போனதற்காக இல்லை. இரண்டு மூலைகளில் நாங்கள் உட்கார்ந்திருந்ததற்கு என்ன காரணம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு காரியம் செய்தாள். தன் நாற்காலியைத் தூக்கி என் நாற்காலிக்கு எதிரில், ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி, உதடு தெரிய, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அதற்குமுன் அவளே போனை எடுத்துச் சென்னைக்காரரிடம், சின்னது எங்களுக்கு, பெரியது காலையில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டாள். பின்பக்கச் சுவிட்ச் இனிமேல் அவள் வைத்தபடிதான் என்று எனக்கும் சொல்லிவிட்டாள்.

அன்று பாட்டே கேட்கவில்லை. அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னாள். பள்ளியில் அவளைத் தலைமை ஆசிரியை ஆக்கப் பார்த்ததும் அவள் வேண்டாம் என்றதும் எனக்குத் தெரியாது. மகள் ஓசூர் போன புதிதில் தினமும் போனில் அழுதது தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நான் "இத எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்பேன். "சொன்னேன்" என்பாள். கடைசியாக இதையும் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு மூணு தடவ கேட்டேன். உங்ககூட ஒரு தடவ கிரிவலம் நடக்கணும்னு. நீங்க பௌர்ணமி பௌர்ணமிக்கு ஸ்பீக்கர் கட்டப் போயிடுவீங்க. நான் பக்கத்து வீட்டு அக்காகூட, நீங்க கட்டுன ஸ்பீக்கருக்குக் கீழதான் நடந்து போவேன். மூணாவது தடவ கேட்டப்ப பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. நிமிரவே இல்ல. சரி, இந்த மனுஷனுக்கு நம்மகூட நடக்க இஷ்டமில்லனு வுட்டுட்டேன்."

வருகிற பௌர்ணமிக்கே போகலாம் என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பௌர்ணமி வேணாம். அந்த கும்பல்ல நான் பேசறது உங்களுக்குப் புரியாது. செவ்வாக்கிழம போலாம், லீவு போடறேன்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போனோம். பதினாலு கிலோமீட்டரும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தையும் விட்டுப் போகக் கூடாது என்று ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்து நடந்ததில் நான் இரண்டு இடத்தில் தடுக்கினேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், தெரிந்தவர்கள் எதிரே வந்தபோதும் விடவில்லை.